இரண்டாவது மூடல்

விதியை எழுதி முடித்துவிட்டேன், அது சொல்ல வேண்டிய வாக்கியம்தான் வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தவன் இன்னும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறேன். 'இந்த வால்வு ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டது' என்று எழுதுகிறேன், அழிக்கிறேன். 'மூடிய வால்வை மறுபடியும் மூடுகிறீர்கள்' என்று எழுதுகிறேன், அதையும் அழிக்கிறேன், மூடுகிறீர்கள் என்பதில் ஒரு விரல் முகத்துக்கு நேராக நீள்கிறது. கீழே மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வார்னிஷில் முக்கி எடுத்ததைக் காய வைக்கிறார்கள் போல, அந்த வாசனை படியேறி வந்து ஜன்னல் இடுக்கில் நுழைந்து நாக்கின் அடியில் உட்கார்ந்துகொள்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வாணி முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். கோகிலவாணி, என் மனைவி, இந்த அலுவலகத்தில் எல்லோரையும்விட நன்றாக நிரல் எழுதுகிறவள், என்னையும் சேர்த்து, என்னை முதலில் சேர்த்து. இடது கையால் பின்னலின் நுனியைச் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், சுற்றுகிறாள். எதையோ யோசிக்கிறாள் என்று அர்த்தம், இருபது வருஷமாக அதற்கு அதுதான் அர்த்தம், இன்றைக்குத்தான் அந்த விரலைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. இந்த வாக்கியத்தை முதலில் படிக்கப்போகிறவள் அவள்தான். அவள் எழுதிய வரியின் அடியில் சிவப்புக் கோடு விழும், கோட்டின் மேல் அம்புக்குறியை வைப்பாள், நான் எழுதியது எழும்பி வரும். எங்கள் கம்பெனி சிறியது. திருப்பூர், பெருந்துறைப் பக்கத்தில் துணிக்குச் சாயமேற்றும் பெரிய இயந்திரங்களுக்குள் எப்போது தண்ணீர் விடுவது, எப்போது ஸ்டீம் விடுவது, எப்போது எதை மூடுவது என்று சொல்லும் நிரல்களை எழுதுகிறோம். எழுதியதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கருவி அதைப் படித்துவிடும். இயந்திரம் இல்லை, ஸ்டீம் இல்லை, வெறும் எழுத்தைப் படித்தே இங்கே வம்பு வரும் என்று சொல்லிவிடும். லின்ட் என்று பெயர். பஞ்சாலை ஊர்க்காரனுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை, சட்டையில் ஒட்டுகிற பஞ்சுப் பிசிறு, ஊதினால் போகிற அற்பம். பொதுவான விதிகள் கருவியோடு வரும், எங்கள் வால்வுகளைப் பற்றி அதற்குத் தெரியாது, அதை நாங்கள்தான் சொல்லித்தர வேண்டும், அந்த வேலை என்னுடையது. வாக்கியங்கள் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது முதலாளி சென்னியப்பன் போட்ட சட்டம். மில்லில் ஆவிக்கு நடுவில் நின்றபடி லேப்டாப்பைத் தொடையில் வைத்துத் திருத்துகிற பையன்களுக்குப் புரிய வேண்டுமாம். இங்கிலீஸ்ல திட்டுனா ஒறைக்காதுங்க மூர்த்தி, என்பார். எனக்கு இரண்டு மொழியிலும் படிப்பு. கணக்கு இங்கிலீஷில் வருகிறது, பயம் தமிழில் வருகிறது, இன்றைக்கு இரண்டும் ஒரே வரியில் வந்து மாட்டிக்கொண்டிருக்கின்றன.

விதி என்னவோ எளிமையானதுதான். ஒரு வால்வை மூடினால், நடுவில் அதைத் திறக்காமல், மறுபடி மூடக் கூடாது. பழைய வால்வுகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, எத்தனை தடவை மூடு என்றாலும் மூடியபடி சும்மா இருக்கும். புதிதாக வந்திருப்பவை அப்படி இல்லை. மூடு என்ற கட்டளை வந்தால் மோட்டார் சுற்றும், மூடிய கதவைத் தோளால் முட்டுகிற மாதிரி முட்டிக்கொண்டே சூடாகும். போன வாரம் பெருந்துறையில் ஒன்று அப்படி எரிந்துபோனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஸ்டீம் வால்வு அது, பக்கத்தில் ஆள் நின்றிருந்தால் என்ற பேச்சு கூட்டத்தில் வந்தது, எல்லோரும் மேசையைப் பார்த்தோம். அப்போது வாணிதான் சொன்னாள், இதுக்கு ஒரு ரூல் போட்டுட்டா தீந்துது, மூர்த்தி சார் போட்டுக் குடுப்பாரு. அலுவலகத்தில் அவள் என்னை சார் என்று கூப்பிடுவது ஒரு விளையாட்டு, பையன்கள் சிரிப்பார்கள், அன்றைக்கும் சிரித்தார்கள். விதியைச் சோதிக்க இரண்டு வகை மாதிரி எழுத வேண்டும், தப்பானது ஒன்று, சரியானது ஒன்று. தப்பைக் கண்டால் கத்த வேண்டும், சரியைக் கண்டால் வாயைத் திறக்கக் கூடாது. கத்த வைப்பது சுலபம், சும்மா இருக்க வைப்பதுதான் பாடு. மூடி, திறந்து, மூடினால் சும்மா இரு. இது வேறு வால்வு, அது வேறு வால்வு என்றால் சும்மா இரு. சூடு ஏறியிருந்தால் இந்த வழி, ஏறாவிட்டால் அந்த வழி என்று பாதை பிரிகிற இடத்தில் இரண்டு வழியிலும் ஒவ்வொரு மூடல் இருந்தால் அது இரண்டு மூடல் அல்ல, ஓடும்போது ஏதாவது ஒன்றுதான் நடக்கும், அங்கேயும் சும்மா இரு. முதலில் எழுதிய விதி அங்கே கத்தியது, அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் சரிசெய்தேன். தப்பான மாதிரியை எழுதும்போது தப்புச் செய்கிற ஆளாக மாற வேண்டும், அந்த ஆளை நானே கற்பனை செய்துகொண்டேன். ஸ்டீமை மூடுகிறான், தண்ணீர் மட்டத்தைப் பார்க்கிறான், வெப்பத்தைக் குறித்துக்கொள்கிறான், யாரோ கூப்பிடுகிறார்கள், திரும்பி வந்து உட்கார்ந்து, ஐயோ ஸ்டீமை மூடவில்லையே என்று மூடுகிறான். எவ்வளவு தூரம் தள்ளி வைத்தால் ஒருவனுக்கு மறந்துபோகும் என்று யோசித்து நடுவில் நாலைந்து வரி போட்டேன், இவ்வளவு சீக்கிரமாக யாருக்கும் மறக்காது என்று எனக்கே தோன்றியது, இருக்கட்டும், மாதிரிதானே, என்று விட்டேன். அப்புறம் விதியை எங்கள் மொத்த நிரலின் மேலும் ஓடவிட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தேன்.

ஒவ்வொரு புகாரின் பக்கத்திலும் அந்த வரியை எழுதியவர் பெயர் வரும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் நாலைந்து பேர் மாட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு, சுவரில் மாட்டிய டிவியில் யார் பெயரில் எத்தனை சிவப்பு என்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், அதிகம் வாங்கியவர் மாலையில் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கித்தர வேண்டும். பன்னு யாருது என்பதுதான் நாலு மணிக்குப் பேச்சு. நான் வாங்கியிருக்கிறேன், சென்னியப்பனே ஒரு தடவை வாங்கியிருக்கிறார், வாணி வாங்கியதே இல்லை. அக்கா கையில பன்னு சாப்பிடாமலே ரிட்டயர் ஆயிருவம் போலிருக்குது, என்று பையன்கள் அவளைச் சீண்டுவார்கள், ஆமாண்டா, அதுக்குத்தான உங்களையெல்லாம் வெச்சிருக்குது, என்பாள். சோற்றைப் பிசைந்த கையோடு திரையைப் பார்த்தேன். கோகிலவாணி. கோகிலவாணி. கீழே உருட்டினேன், கோகிலவாணி. நடுவில் ஒரு பையன் பெயர் வந்தபோது அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது, அவனும் அவள் எழுதியதைத்தான் நகலெடுத்திருந்தான். உடனே எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, விதி தப்பு, எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறேன், என்று. எழுதுகிற விதி தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை. கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். இது பாதை பிரிகிற இடமாக இருக்கும், இல்லை. இது வேறு வால்வாக இருக்கும், அதே வால்வு. நடுவில் எங்கேயோ திறந்திருப்பாள், திறக்கவில்லை. மூடியிருக்கிறாள், பிறகு மூடியிருக்கிறாள். பழைய வால்வுகள் இருந்தவரை எதுவும் கெடவில்லை, எந்தச் சோதனையும் பிடிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, ஒருவரைப் பார்த்துத் தினமும் இரண்டு தடவை வணக்கம் சொன்னால் யார் என்ன சொல்லப்போகிறார்கள். ஜாக்கிரதைக்காகச் செய்திருப்பாள் என்று சொல்லிப் பார்த்தேன், வெளியே வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது, பக்கத்து மேசைக்காரன் திரும்பினான். அவள் ஜாக்கிரதையானவள்தானே. முன்பு ஹாலந்தில் வேலை பார்த்தபோது, ஐந்தோவனில் பனி கொட்டுகிற காலையில் சைக்கிளுக்கு இரண்டு பூட்டுப் போட்டவள், டச்சுக்காரர்கள் ஒரு பூட்டோடு போய்விடுவார்கள், எனக்குப் பொள்ளாச்சிப் புத்தி, என்பாள். ஆனால் ஜாக்கிரதைக்காக இரண்டு தடவை மூடுகிறவர்கள் இரண்டாவது மூடலின் மேல் அதை எழுதி வைப்பார்கள், எதற்கும் இன்னொரு முறை என்று. வாணியும் எழுதித்தான் இருந்தாள். முதல் மூடலுக்கு மேலே, 'கதவைத் திறக்குமுன் ஸ்டீமை மூடுவோம், ஆள் நிற்கும் இடம்'. இரண்டாவது மூடலுக்கு மேலே, 'கதவைத் திறக்குமுன் ஸ்டீமை மூடுவோம், ஆள் நிற்கும் இடம்'. அதே சொல், அதே அக்கறை, அதே இடத்தில் கால்புள்ளி. நகலெடுத்து ஒட்டினாளோ என்று பார்த்தேன், ஒன்றைக் காலையில் எழுதியிருக்கிறாள், மற்றதைச் சாயங்காலம். இரண்டாவது தடவையும் முதல் தடவையாகத்தான் எழுதியிருக்கிறாள்.

இதைத் தெரிந்துகொண்டதோடு எழுந்து போயிருக்கலாம். கருவி ஒவ்வொரு புகாரிலும் இரண்டு வரியெண்களைக் காட்டும், முதல் மூடல் எங்கே, இரண்டாவது எங்கே, என்று. நான் கேட்டுக்கொண்டபடிதான் காட்டுகிறது, திருத்துகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தது. புகார்களைப் பழையது முதலில் வருகிற மாதிரி அடுக்கினேன், எதற்காக அடுக்கினேன் என்று தெரியவில்லை, கை செய்தது. போன வருஷம் ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த சமயத்தில் எழுதியதில் இரண்டு மூடலுக்கும் நடுவே வெகுதூரம், திரையை உருட்டி உருட்டித்தான் இரண்டாவதுக்குப் போக வேண்டும், யாருக்கும் வரக்கூடிய மறதி, எனக்கும் வரும். தீபாவளி கழிந்து எழுதியதில் அந்தத் தூரம் ஒரு திரைக்குள் வந்துவிட்டது. பொங்கலுக்கு அப்புறம் பாதித் திரை. போன மாதம் எழுதியவற்றில் உள்ளங்கையை வைத்தால் இரண்டும் மறைந்துபோயின, வைத்துப் பார்த்தேன், திரை சூடாக இருந்தது. மாதிரிக்காக நான் கற்பனை செய்த ஆளையும் தாண்டி வந்துவிட்டாள். கீழே பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டுகிறார்கள், தட்டுவது நிற்கிறது, நான் அடுத்த தட்டலுக்காகக் காத்திருக்கிறேன், அது வரவில்லை, வராதது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆடிக்காற்று அடித்தபோது என்ன நடந்தது என்று தேடுகிறேன். ஆதிரை ஹாலந்துக்கே திரும்பி, டெல்ஃப்ட்டுக்குப் படிக்கப் போனாள், மகள் போன ஏக்கத்தில் அம்மா கொஞ்சம் குழம்பித்தான் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, அங்க மழையா, என்று கேட்பாள், பேச்சு எங்கெங்கோ போய்த் திரும்பி வந்து, அங்க மழையா, என்று கேட்பாள், ஆதிரை சிரிப்பாள், அம்மா இந்த ஊர்ல எப்பவுமே மழைதாம்மா, என்று. நானும் சிரித்தேன். வாணி எங்களோடு சேர்ந்து சிரித்தாள், ஒரு கணம் தாமதமாக, அந்த ஒரு கணத்தை நான் ஏன் இப்போது பார்க்கிறேன். அவள் அப்பா பஸ் கம்பெனியில் செக்கராக இருந்தவர், ஐம்பது தாண்டியதும் வேறு ஊரில் இறங்கி நிற்க ஆரம்பித்தார், யோசனை ஜாஸ்தி என்று வீட்டில் சொன்னார்கள், யோசனை ஜாஸ்தி என்றே கடைசிவரை சொன்னார்கள், நான் கல்யாணம் முடிந்து அந்த வீட்டுக்குப் போனபோது என்னைத் தினமும் புதிதாக விசாரித்தார், மாப்பிள்ளைக்கு எந்த ஊருங்க என்று, நான் தினமும் உடுமலைங்க என்றேன். வாணி அப்போது அடுக்களை நிலையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு நாற்பத்தேழுதான் ஆகிறது. ஆகிறது என்று எழுதுவதா ஆகியிருக்கிறது என்று எழுதுவதா. 'இந்த வால்வு மூடியே இருக்கிறது', இது பரவாயில்லை, இதில் யாருக்கும் எதுவும் மறக்கவில்லை, வால்வு பாட்டுக்கு இருக்கிறது. இல்லை, இதிலும் ஒரு அலுப்பு தெரிகிறது, மூடியே இருக்கிறது, பார்த்தால் தெரியவில்லையா, என்கிற அலுப்பு. அழித்தேன்.

சென்னியப்பன் வந்து தோளுக்குப் பின்னால் நின்றது தெரியவில்லை. மாதிரிகள் இருந்த பக்கத்துக்கு மாற்றிவிட்டேன், என்ன வேகம் என் விரலுக்கு. ரூலு ரெடியாயிருச்சுங்களா மூர்த்தி, பொழுதோட ஏத்திப்போட்டா காலைல பசங்க மில்லுக்குப் போறதுக்குள்ள சுத்தம் பண்ணிரலாமுங்க, என்றார். வாக்கியம் மட்டும் பாக்கி என்றேன். அவர் சிரித்தார், ஒரு வரிக்கு இத்தனை நேரமுங்களா, கவிதையா எழுதறீங்க, என்று சொல்லிக்கொண்டே போனார். ஏற்றிவிட்டால் சுவரில் இருக்கிற டிவியில் அவள் பெயர் மேலே போகும், எல்லோருக்கும் மேலே, பக்கத்தில் அந்த எண்ணிக்கை. பையன்கள் கைதட்டுவார்கள், அக்கா பன்னு, அக்கா பன்னு, என்று. அவளும் சிரித்துக்கொண்டே பர்ஸை எடுப்பாள், பன்னைக் கையில் வைத்தபடி டிவியைப் பார்ப்பாள், அதற்குள் அவளுக்குக் கணக்குப் புரிந்திருக்கும், அவள் என்னைவிட வேகமாகப் படிக்கிறவள். ஏற்றாவிட்டால் இன்னொரு மோட்டார் எரியும், அந்தப் பக்கம் ஒரு பையன் நிற்பான். நடுவில் ஒரு வழி இருந்தது, அந்த வழியைத்தான் நான் வார்த்தை தேடுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். விதிக்கு விலக்கு எழுதலாம். இந்த ஃபோல்டருக்குள் இருப்பதைப் பார்க்காதே என்று ஒரே ஒரு வரி. அவளுடையது மட்டும் ஒதுங்கிக்கொள்ளும், சிவப்பு விழாது, டிவியில் பெயர் வராது, பிறகு நான் சத்தமில்லாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்திவிடுவேன், என் பெயரில், அவளுக்கே தெரியாமல். எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் எவ்வளவு அழகான வரி, தப்பே இல்லாத வரி. ஆனால் கூட்டத்தில் விதியைக் கேட்டது அவள். தெரியாமல் கேட்டாளா, தெரிந்து கேட்டாளா. தெரியாமல் கேட்டிருந்தால் தனக்கே வலை விரிக்கச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பின்னலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தெரிந்து கேட்டிருந்தால், கேட்டிருந்தால் என்ன, எனக்குச் சொல்வதற்கு அவளுக்கு ஒரு வாய் இல்லையா, ஒரே கட்டிலில்தானே படுக்கிறோம், சிறுவாணித் தண்ணி மாதிரி எங்கயும் இல்லைங்க மாமா என்று ஐந்தோவனிலிருந்து ஊர் திரும்பிய அன்றைக்குச் சொம்போடு நின்றவள்தானே, தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா. திரும்பி வரலாம் என்றது நானா அவளா என்பதுகூட இப்போது சரியாக ஞாபகம் இல்லை, அப்படியானால் எனக்கும் மறக்கிறது, அதில் ஒரு ஆறுதல், அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் இருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலியாக இருக்கிறது, லேசாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவள் என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டீ வேண்டுமா என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"எத்தனை வந்துச்சுங்க மாமா?"

அலுவலகத்தில் அவள் மாமா என்று கூப்பிட்டதில்லை. நான் திரையை மாற்றப் போனேன்.

"மறைக்காதீங்க. நான்தான கேட்டேன் இந்த ரூல."

மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்கிற மாதிரி எதையோ உளறினேன். அவள் மௌஸை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு பட்டியலை மேலிருந்து உருட்டினாள், மெதுவாக, யாரோ ஒருத்தியின் பெயரைப் படிக்கிற மாதிரி. பழையது முதலில் என்று நான் அடுக்கி வைத்ததையும் பார்த்தாள். வரியெண்கள் நெருங்கி நெருங்கி வருவதைப் பார்க்க அவளுக்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை.

"பெருந்துறை மோட்டாரு எரிஞ்ச அன்னைக்கு அந்தக் கோடிங்கத் தொறந்து பாத்தேன். ரெண்டு தடவ மூடியிருந்துச்சு. எந்தக் கிறுக்கு இப்படி எழுதுச்சுன்னு பேரப் பாத்தேன்," என்றாள். பட்டியலில் விரலை வைத்தாள். "எம் பேரு."

நீயே தேடியிருக்கலாமே, என்னிடம் சொல்லியிருக்கலாமே, என்று கேட்டேன், குரல் எனக்கே பிடிக்கவில்லை. தேடினாளாம். இரண்டு நாள் உட்கார்ந்து தேடினாளாம். தேடிய இடத்தையே மறுபடி தேடிக்கொண்டிருக்கிறோமோ என்ற சந்தேகம் வந்த பிறகு விட்டுவிட்டாளாம். மெஷின் தேடினால் ஒரு இடத்துக்கு ஒரு தடவைதான் போகும் என்று அந்தக் கூட்டத்தில் தோன்றியதாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நல்ல யோசனை சொல்லிவிட்டவளின் களைகூட இருந்தது. சொல்வதற்கு முன்னால் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டாமா, கம்மியா இருந்தா சும்மா உங்களப் பயமுறுத்துன மாதிரி ஆயிருமில்ல, என்றாள். கம்மியாக இல்லை என்பதை நாங்கள் இரண்டு பேருமே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் கண் கீழே இறங்கி அந்த விலக்கு வரியில் நின்றது.

"இது என்னுங்க, எம்பட ஃபோல்டர மட்டும் சுத்திப் போகுது?"

சோதனைக்காக, என்றேன்.

"அழிங்க. பசங்க ஸ்டீமுக்குப் பக்கத்துல நிப்பானுங்க." அழிக்கும்வரை என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாசகம் என்ன எழுதியிருக்கீங்க?"

ஒன்றும் எழுதவில்லை என்றேன், அழித்தவை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், ஏற்கெனவே என்று சொன்னபோது மட்டும் முகத்தைச் சுளித்தாள், வாத்தியார் சொல்ற மாதிரி இருக்குது, என்றாள். மூடியாச்சுன்னு போடுங்க, அது போதும், பக்கத்துல நிக்கறவங்க சொல்ற மாதிரி இருக்கணும். அடித்தேன். 'மூடியாச்சு.' மத்தியானம் முழுவதும் நான் தேடியது அவள் வாயில் ஒரு மூச்சில் வந்தது. அதை வாசித்துப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமல், அதே வேகத்தில் சொன்னாள், புதன்கிழமை டாக்டர்ட்டப் போறேன், நரம்பு டாக்டரு, அவினாசி ரோட்ல, காலைல மொத ஆளா வரச் சொல்லியிருக்காங்க, நீங்க வரணும்னு இல்ல, வந்தா நல்லாருக்கும். எனக்கு வாய் வரவில்லை. வரேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், ஒரு சின்ன சொல், நான் திரையைப் பார்த்துக்கொண்டு மௌஸின் சக்கரத்தை உருட்டினேன். அவளும் வற்புறுத்தவில்லை. சரி, தள்ளுங்க, என்று நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

அப்புறம் அவள் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. ஒவ்வொரு புகாராகத் திறந்தாள், எந்த மூடல் இருக்க வேண்டியது எது போக வேண்டியது என்று ஒரு பார்வையில் தீர்மானித்தாள், சில இடத்தில் இரண்டாவதை எடுத்தாள், சில இடத்தில் முதலாவது அவசரப்பட்டு வந்திருக்கிறது என்று அதை எடுத்தாள், கதவு பிறகுதானே திறக்கிறது, அதுவரைக்கும் துணிக்குச் சூடு வேணுமில்ல, என்று காரணத்தை முணுமுணுத்துக்கொண்டே. சிவப்பு ஒவ்வொன்றாக அணைந்தது. நடுவில் நிறுத்தி என் விதியையே திறந்து படித்தாள், இங்க ஒரு ஓட்டை இருக்குது பாருங்க, மூடற வேலைய வேறொரு இடத்துல தனியா எழுதி வெச்சு அதைக் கூப்பிட்டா உங்க ரூலுக்குக் கண்ணு தெரியாது, என்றாள். உண்மைதான். எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கும் ஒரு தப்பான மாதிரி அவளே எழுதினாள், விதி கத்தவில்லை, அவள் நான்கு வரி மாற்றினாள், கத்தியது, பார்த்தீங்களா என்கிற மாதிரி என் முழங்கையில் இடித்தாள். இவளுக்கா என்று நினைத்தேன். இவளுக்கா. இப்படி இடிக்கிறவளுக்கா. வார்னிஷ் வாசனை குறைந்திருந்தது, கீழே அடுப்பை அணைத்துவிட்டார்கள் போல. மேற்கு ஜன்னலில் வெயில் சாய்ந்து வந்து அவள் காதோர நரையில் விழுந்தது, ஐந்தோவனில் இந்த வெயிலுக்கு வருஷம் முழுக்கக் காத்திருப்போம், அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன், இப்போது சொன்னால் வேறு எதையோ சொல்கிற மாதிரி ஆகிவிடும் என்று விட்டேன். புதன்கிழமை என்ன கேட்பார்கள், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள், அவள் கழித்துவிடுவாள், கழித்து அவர்களைத் திருப்பிக் கேள்வி கேட்பாள், அவர்கள் ஒன்றுமில்லை, யோசனை ஜாஸ்தி, என்று அனுப்பிவிடுவார்கள். அனுப்பிவிடட்டும். வேண்டாம், அனுப்பக் கூடாது. கடைசிச் சிவப்பும் போய்விட்டது. மொத்த நிரலின் மேலும் விதியை ஒரு தடவை ஓடவிட்டாள், கருவி படித்துக்கொண்டே போனது, எங்கேயும் நிற்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. மறுபடி எட்டிப்பார்த்த சென்னியப்பனுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள், ஏத்திருங்க சார், என்றாள்.

அவர் போனதும் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். சுற்றிலும் யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தாள். என் மணிக்கட்டில் கையை வைத்தாள், கை ஜில்லென்று இருந்தது, இத்தனை நேரம் சொல்ல முடியாமல் வைத்திருந்ததைச் சொல்லப்போகிறவளின் மூச்சு ஒன்று உள்ளே போய் நின்றது.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். புதன்கிழமை டாக்டர்ட்டப் போறேன். நரம்பு டாக்டரு, அவினாசி ரோட்ல. காலைல மொத ஆளா வரச் சொல்லியிருக்காங்க. நீங்க வரணும்னு இல்ல, வந்தா நல்லாருக்கும்."

அதே சொல். நிறுத்திய இடமும் அதுதான். ஆனால் கண்ணில் இருந்த பயம் புதிது, முதல் தடவையின் பயம், அதை இப்போதுதான் என்னிடம் தருகிறாள், வாங்கிக்கொள்வேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அவள் கையின் மேல் என் இன்னொரு கையை வைத்தேன். சற்று முன்னால் வராத வாய் இப்போது வந்தது.

"எத்தனை மணிக்கு, வாணி?" என்று கேட்டேன். அவள் சொன்னாள். "நானும் வரேன்," என்றேன்.